பழைய காரும் பள்ள ரோடும்: ஷாக்கை மாற்றும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

என் கார் 2008 மாடல், சின்ன ஹேட்ச்பேக். முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த கால்), பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே பீம், அதன் மேல் காயில் ஸ்பிரிங். இருபது வருடமாக நம் ரோடுகளில் ஓடும் சின்னக் கார்களில் நிறைய இதே அமைப்புதான், அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.

வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர். அதில் இரண்டு கிலோமீட்டர், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடி, அப்படியே விட்ட ரோடு. போன வருடம் அதைத் தாண்டுவதற்குள் டேஷ்போர்டு கையோடு வந்துவிடும் போல ஆடியது, முன்பக்கம் இடைவிடாமல் டக் டக் என்று சத்தம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, "இதுக்கு மாட்டுவண்டியே தேவலடா" என்றார். வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒரு மூலையை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு "நாலு ஷாக்கும் போச்சு சார், மாத்திருங்க" என்றார்கள், மாற்றினேன். கணிசமான பணம். வீடு திரும்பும்போது அதே இரண்டு கிலோமீட்டர், அதே டக் டக். கழற்றிய பழைய ஷாக்குகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன், அவற்றில் பின்பக்கத்து இரண்டும் நன்றாகவே இருந்தன. சத்தத்துக்குக் காரணம் லிங்க் ராடு என்ற சின்னக் கம்பி. குலுக்கலுக்குக் காரணம் சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் கிழிந்த ரப்பர் புஷ்ஷும், கல்லாகிப்போன டயரும், அதில் அளவுக்கு மீறி அடித்த காற்றும்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வரிசை ஒன்றுதான்: ரோட்டைத் தொடும் இடத்தில் ஆரம்பித்து மேலே போவது. டயர், புஷ், ஜாயின்ட், ஸ்பிரிங், கடைசியாக ஷாக். புது டயர் வாங்க வேண்டி வந்தால் தவிர, செலவும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் ஏறும் என்பது வசதி.

எது என்ன வேலை செய்கிறது

ஷாக் அப்சர்பர் என்ற பெயரே ஆளை ஏமாற்றுவது. பள்ளத்தில் விழுந்த அடியை முதலில் வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும். வண்டியின் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான், ஷாக் இல்லை. ஷாக்கின் வேலை அதற்குப் பிறகு வருகிற ஆட்டத்தை அடக்குவது. ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டால் அது தானாக ஆடிக்கொண்டே இருக்கும், காலைத் தரையில் தேய்த்தால் நிற்கும். அந்தத் தேய்க்கிற கால்தான் ஷாக். உள்ளே பிஸ்டனில் இருக்கும் சின்ன ஓட்டைகள், வால்வுகள் வழியே ஆயில் கஷ்டப்பட்டுப் போகிறது, ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி வெளியே போகிறது. மோசமான ரோட்டில் நீண்ட நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காரில் இரண்டு விதமான ஆட்டம் உண்டு. மொத்த பாடியும் ஸ்பிரிங் மேல் நொடிக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை மெதுவாக ஏறி இறங்குவது ஒன்று. சக்கரம் மட்டும், கீழே டயருக்கும் மேலே ஸ்பிரிங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நொடிக்கு 10 முதல் 15 தடவை வரை துள்ளுவது இன்னொன்று. ஷாக் போனால் இரண்டும் கட்டுப்பாடு இழக்கும். முதலாவது நடந்தால் வண்டி படகு போல மிதக்கும். இரண்டாவது நடந்தால், அலை அலையாக இருக்கும் மண் ரோட்டில் சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடும், ஸ்டீயரிங் லேசாகிவிடும், பிரேக் அடித்தால் வழுக்கும். வண்டி "கடினமாக" அடிப்பது மட்டுமே உங்கள் பிரச்சினை என்றால், மிதப்போ துள்ளலோ இல்லை என்றால், ஷாக் மேல் சந்தேகப்படுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். தேய்ந்த ஷாக் வண்டியை மென்மையாக்கும், கட்டுப்பாடில்லாமல் ஆக்கும். ஷாக் தேய்ந்ததாலேயே வண்டி கட்டை போல அடித்தால், பெரும்பாலும் சக்கரம் கடைசிவரை ஏறி பம்ப் ஸ்டாப்பரில் (அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் மெத்தை) போய் முட்டுகிறது என்று அர்த்தம்.

முதலில் டயர்

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ, வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. காற்று பிடிக்கும் இடத்தில் கேட்காமலே 35 பிஎஸ்ஐ வைத்துவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதுவும் வெயிலில் ஓடி டயர் சூடான பிறகு பார்க்கும் அளவு தப்பாக இருக்கும், உள்ளே 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடிவிடும். என் வண்டிக்கு வேண்டியது 30, இருந்தது 37. ஏழு பிஎஸ்ஐ குறைத்த அன்றே பாதி குலுக்கல் போனது. செலவு பூஜ்யம். ஒரு டீ கூட வாங்கிக்கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து டயரின் வயது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஏழெட்டு வருடம் ஆன டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், நகத்தால் அழுத்தினால் தெரியும்.

அலாய் போட ஆசைப்பட்டு அளவை மாற்றியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். 155/80 ஆர்13 டயரின் பக்கச் சுவர் உயரம் 124 மில்லிமீட்டர். அதே வண்டிக்கு 165/65 ஆர்14 போட்டால் 107 மில்லிமீட்டர்தான். 17 மில்லிமீட்டர் ரப்பர் மெத்தையைக் கழற்றி வீசிவிட்டு, பிறகு சஸ்பென்ஷனைத் திட்டுவதில் நியாயமில்லை. அம்பாசடர் பள்ளத்தில் அப்படி மிதந்து போனதற்கு அதன் 15 அங்குலச் சக்கரமும் உயரமான டயரும் பாதிக் காரணம். மாருதி 800-இன் 12 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்துக்குள் இறங்கி ஏறும்.

கடைசியாக ஒன்று. உள்ளங்கையை டயரின் பட்டன் மேல் வைத்துச் சுற்றி வருடுங்கள். மேடும் பள்ளமுமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளியிருக்கிறது, அங்கே ஷாக்கைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது புஷ்.

வண்டி நிற்கும்போதே பார்க்க வேண்டியவை

சமதளத்தில் நிறுத்தி, உள்ளே ஆளோ சாமானோ இல்லாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். இடம், வலம் இரண்டுக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். காயில் ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் கீழ்ச் சுற்றில், தட்டில் சேறும் தண்ணீரும் தேங்கும் இடத்தில். துண்டு அப்படியே தட்டில் உட்கார்ந்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைத்த பழைய வண்டிகளில் பின்பக்கம் இறங்கியிருப்பது சகஜம். இறங்கிய வண்டியில் சக்கரம் மேலே ஏற இடமில்லை, சின்னப் பள்ளத்துக்கே ஸ்டாப்பரில் மோதும். அதற்குப் புது ஷாக் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஸ்பிரிங்தான் போட வேண்டும்.

இங்கேதான் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரை விற்பார்கள். வண்டி உயரும், உண்மைதான். ஆனால் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிப்போட்டுத்தான் உயர்கிறது, மிச்சச் சுற்றுகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ரைடு கெட்டியாகும், செருகிய இடத்தை ஒட்டி ஸ்பிரிங் உடையவும் வாய்ப்பு உண்டு. நான் போடமாட்டேன்.

மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை பாதிதான் உண்மை சொல்லும். பலமாக அழுத்தி விட்டதும் வண்டி ஒரு தடவை மேலே வந்து நின்றுவிட வேண்டும். இரண்டு, மூன்று தடவை ஆடினால் ஷாக் போச்சு, சந்தேகமில்லை. ஆடாமல் நின்றால் ஷாக் நல்லது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள், கையால் அழுத்தும் வேகம் வேறு, பள்ளத்தில் சக்கரம் ஏறும் வேகம் வேறு. ஷாக் மேல் லேசான ஆயில் ஈரம் இருப்பது பெரிய குற்றமில்லை. ஆயில் வழிந்து, அதில் புழுதி ஒட்டி, கறுப்பு மாவு பூசினது போல இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கீழே இறங்கிப் பார்ப்பது

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. ஸ்டாண்டு வையுங்கள், இல்லையென்றால் லிப்ட் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அரை மணி நேரம் தூக்கி வைக்கக் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள். கையில் ஒரு டார்ச்சும், ஒரு கடப்பாரைக் குட்டியும் போதும்.

லோயர் ஆர்ம் புஷ்: ஆர்மை பாடியோடு இணைக்கும் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு வயதால் வருவது, அதை விடுங்கள். கடப்பாரையை இடுக்கி மெதுவாக நெம்புங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து பிறை வடிவத்தில் வாய் திறக்கிறதா, நடு இரும்புக் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் ஆர்மின் பின்பக்கத்து புஷ்ஷில் சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. இப்படி ஆன வண்டியில் பிரேக் அடித்ததும் ஒரு "தொம்" கேட்கும், பள்ளத்தில் சக்கரம் பின்னோக்கி இடிபடும்போது அந்த அடியை வாங்க ரப்பர் இல்லாமல் நேராக பாடிக்குப் போகும். இந்த ஒரு சாமானை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. ரைடு கெட்டியாகிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

பால் ஜாயின்ட்: ஆர்மின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு. ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும், அதன் பிறகு ஆயுள் குறைவு. ஆர்முக்குக் கீழே நெம்பிப் பார்த்து மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மற்றதெல்லாம் சௌகரியம் சம்பந்தப்பட்டது, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி வெளியே வந்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கிய நிலையில் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். 3, 9 இடத்தில் ஆடினால், ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனைகளான டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட்.

லிங்க் ராடு: வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் ஒரு சாண் நீளக் கம்பி, இரண்டு முனையிலும் குட்டி ஜாயின்ட். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் வரும் டக் டக் சத்தத்துக்கு இதுதான் முதல் குற்றவாளி. விலையும் சில நூறு ரூபாய்தான். சந்தேகமாக இருந்தால் இரண்டு பக்கத்து லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, தொங்கும் பாரைக் கம்பியால் கட்டி, அதே ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போயிருந்தால் முடிந்தது கதை. வளைவில் வண்டி அதிகமாகச் சாயும் என்பதால் அந்த நிலையில் மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

மேல் பக்கத்து ஸ்ட்ரட் மவுண்டிங்கும் பேரிங்கும்: வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் விரலை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், சுற்றுகளுக்கு நடுவே விரலை விடாமல். ஸ்பிரிங் வழுவழுவென்று திரும்ப வேண்டும். பிடித்துப் பிடித்து, டொய்ங் என்று துள்ளினால் பேரிங் போச்சு. வேகத்தடையில் இறங்கும்போது மேலே இடிப்பது மவுண்டிங் ரப்பர்.

அப்புறம், எல்லாச் சத்தமும் சஸ்பென்ஷன் சத்தம் இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டதும் லொடலொட நின்றால் அது பிரேக்கின் காலிப்பர் பின். லிங்க் ராடெல்லாம் மாற்றிய பிறகும் எனக்கு இடது பக்கம் ஒரு "டொக்" மட்டும் மிச்சமிருந்தது. ஸ்ட்ரட் மவுண்டிங் வாங்கவே கிளம்பிவிட்டேன். பானட்டைத் திறந்து சும்மா பேட்டரியைத் தொட்டேன், ஆடியது. கிளாம்ப் நட்டு இரண்டு சுற்று தளர்ந்திருந்தது, பத்தாம் நம்பர் ஸ்பானரில் முடிந்துபோனது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர், ஸ்டெப்னி, பின் சீட் லாக், இன்ஜின் மவுண்டிங் இவற்றையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

மாற்றும்போது

பணம் மொத்தமாக இல்லை என்றால் நான் சொல்லும் வரிசை: ஆட்டமுள்ள பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் முதலில். அடுத்து லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், லோயர் ஆர்ம் புஷ். பிறகு முன் ஷாக் இரண்டும், கடைசியாகப் பின்பக்கம். ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கூலி ஒரே கூலிதான். பழைய ஸ்டாப்பர் பெரும்பாலும் கையில் எடுத்ததும் மஞ்சள் ரஸ்க் போல உதிர்ந்துவிடும். அது இல்லாமல் ஓடினால் புது ஷாக்கின் பிஸ்டன் அடிவரை போய் இடிக்கும்.

ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி மாட்டாமல் கழற்றவே கூடாது. அந்த ஸ்பிரிங் சில நூறு கிலோ விசையோடு உட்கார்ந்திருக்கிறது, முகத்துக்கு வந்தால் மிச்சம் வைக்காது. இந்த வேலையை மட்டும் நானே செய்வதில்லை.

ஆனால் பக்கத்தில் நின்று இவற்றைக் கவனிக்கலாம். புது ஷாக்கை நிமிர்த்தி வைத்து நாலைந்து தடவை முழுக்க அழுத்தி விட்டுப் பிறகு மாட்ட வேண்டும். படுக்கையாகக் கிடந்ததில் உள் குழாயில் சேர்ந்த காற்று வெளியேற இதுதான் வழி. பளபளப்பான ராடைப் பிளையரால் பிடிக்கவிடாதீர்கள், ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து ஆயில் வழியும். கழற்றிய பழைய ஷாக்கையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தம் சீராக எதிர்த்தால் உயிர் இருக்கிறது. திசை மாறும் இடத்தில் ஒரு விரற்கடை வெறுமையாக, எதிர்ப்பே இல்லாமல் போனால் போச்சு.

இப்போது சொல்லப்போவதைத் தயவு செய்து மெக்கானிக்கிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியது, சுழலாது, முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், நின்ற இடத்திலேயே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த முறுக்கு கூடும். ரைடு கெட்டியாக இருக்கும், வருடக்கணக்கில் வர வேண்டிய புஷ் மாதக்கணக்கில் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அல்லது ஆர்மை ஜாக்கியால் ஓடும் உயரத்துக்குத் தூக்கி, அதன் பிறகே கடைசி இறுக்கு. பின் பீம் புஷ்ஷுக்கும் இதேதான். நான் இதைச் சொன்னபோது பையன் சிரித்தான், பெரியவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு வண்டியை இறக்கினார்.

ரப்பருக்கு பதிலாகப் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்பார்கள். உழைக்கும், ஆனால் ரப்பரை விடக் கெட்டி. பள்ள ரோட்டுக்கு எனக்கு ரப்பரே போதும். வாட்டர் சர்வீஸ் விட்டால் அடியில் டீசலோ வேஸ்ட் ஆயிலோ அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துரு பிடிக்காது என்று அடிப்பார்கள், ரப்பர் ஊறிப்போகும். ஸ்டெபிலைசர் புஷ் கீச் கீச் என்றால் சிலிகான் கிரீஸ், சாதாரண கிரீஸ் வேண்டாம்.

அம்பாசடர் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது 2014-இல், அதனால் கடைசி வண்டிக்கே வயதாகிவிட்டது. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். பிளேட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசித் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்காக வேலை செய்யாது, ஒரே இரும்புக் கட்டையாகிவிடும். செட்டைப் பிரித்து, தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, ஸ்பிரிங் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் புஷ்ஷை மாற்றினாலே பழைய மிதப்பு திரும்ப வரும்.

வேலை முடிந்த பிறகு

லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் முன்பு எழுதிவைத்த நான்கு அளவையும் திரும்ப எடுங்கள், கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கும், அது இயல்பு.

ஓட்டும்போது பள்ளத்துக்கு உள்ளே போய் பிரேக் அடிக்காதீர்கள். பிரேக் அடித்ததும் மூக்கு இறங்கும், முன் ஸ்பிரிங் பாதி அமுங்கிவிடும், பள்ளத்தின் அடியை வாங்க மிச்ச இடம் இருக்காது. முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சக்கரம் இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

என் வண்டியில் கடைசியாகச் செய்தது இரண்டு லிங்க் ராடு, இரண்டு பக்கத்து லோயர் ஆர்ம் புஷ், நான்கு டயர், 30 பிஎஸ்ஐ, ஒரு பேட்டரி கிளாம்ப் நட்டு. அந்த இரண்டு கிலோமீட்டர் ரோட்டை இன்னும் போடவில்லை. போன வாரம் அதில் போகும்போது அம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டார்.